அழைப்பு வராத அணி

நேயர்களே, ஒரு கல்லூரி அணி ஒரு பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், ஓர் ஆட்டத்தையும் சமநிலையில் விடாமல், ஆடிய 9 ஆட்டங்களிலும் வெற்றி பெற்றால் அதற்கு என்ன கிடைக்க வேண்டும்? கோப்பை கிடைக்க வேண்டும். ஊர்வலம் நடக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதன் கொடி இன்னும் உயரப் பறக்க வேண்டும். மாணவர்களாகிய நீங்கள் இவ்வாறே விடை சொல்லுவீர்கள். ஆனால் 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்படி வென்ற ஓர் அணிக்கு ஆண்டு இறுதிப் பெருவிழா ஆட்டங்களில் ஒன்றுக்குக்கூட அழைப்பு வரவில்லை. பருவம் முடிந்ததும் அதன் கல்லூரி அந்த அணியையே கலைத்துவிட்டது. அந்த அணியின் கதையையே இன்று பேசுவதற்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் அந்த அணியின் ரசிகன். அவர்கள் ஆடியதை நான் கண்ணால் கண்டவன் அல்லன். ஏடுகளில் படித்து அன்பு கொண்டவன். வெற்றிப் பட்டியலைப் பார்த்துப் பிறக்கும் அன்பு அடுத்த தோல்வியோடு போய்விடும். என் அன்பு அப்படிப் பிறந்ததன்று. அவர்கள் ஆடி வென்ற 9 ஆட்டங்களைவிட, ஆடாமல் விட்ட 10ஆவது ஆட்டமே என்னை அவர்கள்பால் இழுத்தது. அந்த 10ஆவது ஆட்டத்தின் வரலாற்றை அறிய வேண்டுமானால், முதலில் ஆட்டத்தைப் பற்றியும் அணியைப் பற்றியும் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டம் நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. அவர்களுடைய பந்து நீள்வட்டமானது. இரு முனைகளும் கூரியவை. பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுவார்கள். அல்லது எறிந்து பிடிப்பார்கள். பக்கத்துக்கு 11 பேர். எல்லைக்கோட்டிலிருந்து எல்லைக்கோடு வரை களம் 100 கெஜ நீளம் உடையது. பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் 4 முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரியிடம் போய்விடும். எதிரிகள் ஓடுகிறவனை மடக்கிப் பிடித்துத் தரையில் வீழ்த்தலாம். எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் 6 புள்ளிகள். அதன் பின் ஓர் உதையால் மேலும் 1 புள்ளி பெறலாம். பந்தை வைத்திருப்பவனை அவனுடைய எல்லைக்குள்ளேயே வீழ்த்திவிட்டால் வீழ்த்திய பக்கத்துக்கு 2 புள்ளிகள். இந்த 2 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்த ஆட்டத்தில் தனியொருவன் வெல்ல முடியாது. ஒருவன் 90 கெஜ தூரம் காற்றாய்ப் பறந்து சென்றான் என்று செய்தித்தாள் எழுதும். அவன் பறப்பதற்கு வழி திறந்துவிட்டவர்கள் மற்றப் பத்துப் பேர். அவர்கள் எதிரிகளின்மீது தம் உடலை மோதி, அடிபட்டு, மண்ணில் புரண்டு அந்த வழியைத் திறந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர் பெரும்பாலும் தலைப்புச் செய்தியில் வராது. நான் சொல்லப்போகும் வரலாற்றில் இந்தச் செய்தி முக்கியமானது.

கலிபோர்னியா மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இயேசு சபைத் துறவியர் 1855ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு பள்ளி வளர்ந்து சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஆயிற்று. அது செல்வம் மிக்க நிறுவனம் அன்று. மாணவர் தொகையும் பெரிதன்று. அதன் விளையாட்டு அணிகளுக்கு ‘டான்ஸ்’ என்பது பெயர். டான் என்பது ஸ்பானிய மொழியில் மதிப்புக்குரிய ஆடவரின் பெயருக்கு முன் இடும் அடைமொழி. அணியினரின் மதிப்புக்குக் குறைவு இல்லை, பணத்துக்குத்தான் குறைவு. அவர்கள் ஆடிய கெசார் மைதானம் நகரின் பெரிய பூங்காவின் ஓரத்தில் இருந்தது. அதே மைதானத்தில் 1946ஆம் ஆண்டு முதல் ‘ஃபார்ட்டி நைனர்ஸ்’ என்ற தொழில்முறை அணியும் ஆடத் தொடங்கியது. நகரத்தார் அந்த அணியைக் காணச் சென்றார்கள். கல்லூரி ஆட்டங்களுக்கு வருவோர் தொகை குறைந்தது.

1948ஆம் ஆண்டில் ஜோ குஹாரிக் இந்த அணியின் பயிற்சியாளரானார். கண்டிப்பு மிகுந்தவர். 1951ஆம் ஆண்டுப் பருவம் தொடங்குமுன், ஒலிவ மரத் தோப்புகள் சூழ்ந்த கார்னிங் என்ற சிற்றூருக்கு அணியை அழைத்துச் சென்றார். வடக்குக் கலிபோர்னியாவின் உட்பகுதியில் கோடை வெயில் எவ்வளவு கொடியது என்பதை நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நின்றவர்கள் எளிதில் உணரலாம். அந்த வெயிலில் பயிற்சி நடந்தது. அனைவரும் ஒரே புழுதியைத் தின்றார்கள். ஒரே களைப்பில் உறங்கினார்கள்.

இந்த அணியில் யார் யார் இருந்தார்கள்? ஜினோ மார்க்கெட்டி என்பவர் இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியப் போர்முனையில் படைவீரராக நின்று திரும்பியவர். பாப் செயின்ட் கிளேர், பந்தை எறிவதில் வல்ல எட் பிரௌன் ஆகியோர் இருந்தனர். அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பும் வேலையைப் பீட் ரோசல் என்ற இளைஞர் பார்த்துவந்தார். ஆலி மாட்சன், பர்ல் டோலர் என்ற இருவரும் இருந்தனர். மாட்சன் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். டோலர் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரத்தவர். 1948ஆம் ஆண்டில் இருவரும் அதே நகரின் சிட்டி காலேஜில் ஒரே அணியில் ஆடியவர்கள். பின்னர்ச் சேர்ந்தே இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். அணியில் கறுப்பு இனத்தவர் இவர்கள் இருவரே.

மாட்சன் அந்தப் பருவத்தில் பந்தை ஏந்தி ஓடிய தூரம் 1,566 கெஜம். நாடு முழுவதிலும் அந்த ஆண்டு அவரை மிஞ்சியவர் இல்லை. எதிரி பந்தை வைத்திருக்கும்போது தடுத்து நிற்கும் பக்கத்திலும் அவரே ஆடினார். டோலர் தடுப்பு ஆட்டத்தில் தூண் போன்றவர். அணித் தோழர்கள் பலர் தம்முள் சிறந்தவர் டோலரே என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பருவம் தொடங்கியது. வெற்றிமேல் வெற்றி வந்தது. அக்டோபர் மாதத்தில் அணி கண்டத்தின் மறுகரையிலுள்ள நியூயார்க் நகருக்குச் சென்று ஃபோர்டாம் பல்கலைக்கழக அணியைச் சந்தித்தது. அந்தக் காலத்தில் கிழக்குக் கரைப் பத்திரிகைகள் எழுதினால்தான் ஓர் அணிக்கு நாடளாவிய பெயர் கிடைக்கும். அன்று மாட்சன் எதிரி உதைத்த பந்தைப் பிடித்து 94 கெஜம் ஓடி எல்லையைக் கடந்தார். பின்னர் மற்றொரு முறை 90 கெஜம் ஓடிக் கடந்தார். ஆயினும் ஆட்டம் எளிதாக முடியவில்லை. 32க்கு 26 என்ற கணக்கில், மூச்சு முட்டப் போராடியே வென்றார்கள்.

நவம்பர் மாதத்தில் ஸ்டாக்டன் நகரில் பசிபிக் கல்லூரி அணியை 47க்கு 14 என்று வீழ்த்தினார்கள். கடைசி ஆட்டம் பசடீனா நகரின் ரோஸ் பௌல் அரங்கில், லயோலா அணியுடன் நடந்தது. 20க்கு 2 என்று வென்றார்கள். நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த 2 இதுதான்; எதிரியால் ஒரு முறைகூட எல்லைக்கோட்டைக் கடக்க முடியவில்லை என்பதை அந்தச் சிறிய எண் காட்டுகிறது. இவ்வாறு 9 ஆட்டங்கள் முடிந்தன, 9 வெற்றிகள். நாட்டின் அணிகளை வரிசைப்படுத்தும் பத்திரிகையாளர் பட்டியலில் அவர்களுக்கு 14ஆம் இடம் கிடைத்தது.

இனி ‘பௌல்’ என்ற சொல்லுக்கு வருவோம். கிண்ணம் போன்ற வட்ட அரங்குகளில் நடந்ததால் அமெரிக்காவின் ஆண்டு இறுதிக் கால்பந்து விழாக்களுக்கு இந்தப் பெயர் வந்தது. புத்தாண்டை ஒட்டி நடக்கும் இந்த ஆட்டங்களுக்கு அந்த ஆண்டில் சிறந்து விளங்கிய அணிகளை அழைப்பார்கள். ஆட்டத்துடன் பெருமையும் வரும். பெருமையுடன் பெரும்பணமும் வரும். பசடீனாவின் ரோஸ் பௌல் விழா அன்று இரண்டு பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளுக்கு ஒப்பந்தப்படி உரியதாக இருந்தது; எந்தக் கூட்டமைப்பிலும் சேராத சான் பிரான்சிஸ்கோ அணிக்கு அதில் இடமில்லை. எஞ்சிய பெரிய விழாக்கள் பெரும்பாலும் தென் மாநிலங்களில் நடந்தன. மயாமியில் ஆரஞ்சு பௌல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பௌல். அழைப்பு வருமானால் இவற்றிலிருந்தே வர வேண்டும்.

அன்றைய தென் மாநிலங்களின் நிலை என்ன? 1896ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி ஏற்பாடு இருக்கலாம், அவை சமமாக இருந்தால் போதும் என்பது அதன் கருத்து. தனித்தனி என்ற பாதி ஊக்கத்துடன் நடைமுறைக்கு வந்தது. சமம் என்ற பாதி வரவேயில்லை. பள்ளி வேறு, பேருந்தில் இருக்கை வேறு, குடிநீர்க் குழாய் வேறு, விளையாட்டுக் களம் வேறு. 1947இல் ஜாக்கி ராபின்சன் பெரிய பேஸ்பால் அணியில் நுழைந்திருந்தார். 1948இல் அதிபர் ட்ரூமன் படைகளில் இன வேற்றுமையை ஒழிக்க ஆணையிட்டிருந்தார். காற்று திரும்பத் தொடங்கியிருந்தது. ஆயினும் தெற்கின் கால்பந்துக் களங்கள் பலவற்றை அது எட்டவில்லை.

அந்த ஆண்டின் அக்டோபர் மாதத்திலேயே மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. டிரேக் பல்கலைக்கழக அணியின் ஜானி பிரைட் என்ற கறுப்பு மாணவர் ஒக்லஹோமா மாநிலத்தில் ஆடச் சென்றார். பந்து அவர் கையில் இல்லாதபோதே எதிரணி வீரர் ஒருவர் அவர் முகத்தில் தாக்கினார்; தாடை எலும்பு முறிந்தது. அதைப் படமெடுத்த இரு பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார்கள். தாக்கியவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. 2005ஆம் ஆண்டில்தான் அந்தப் பல்கலைக்கழகம் முறையாக மன்னிப்புக் கேட்டது. இத்தகைய காலத்தில்தான் நம் அணி அழைப்பை எதிர்பார்த்திருந்தது.

அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்து சொல்லிய செய்தி இது: தெற்கிலிருந்து குஹாரிக்குக்கு ஒரு குறிப்பு வந்தது. மாட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதானால் அணிக்கு அழைப்பு உண்டு என்பதே அதன் பொருள். அவர் அதை ஆட்டக்காரர்களிடம் தெரிவித்தார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். நெடிய விவாதம் நடக்கவில்லை. இருவரையும் விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

வரலாறு படிக்கிறவன் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அழைக்காததற்கு விழாக்காரர்கள் காட்டக்கூடிய வேறொரு காரணமும் இருந்தது: இந்த அணி வலிமை மிக்க எதிரிகள் பலரைச் சந்திக்கவில்லை என்பது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ராணுவ முகாம் அணிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. கறுப்பு ஆட்டக்காரரைக் கொண்ட அணிகளை அழைப்பதில்லை என்று தென் விழாக்காரர்கள் முடிவு செய்தார்கள் என்ற செய்தியைச் சான் பிரான்சிஸ்கோவின் விளையாட்டுச் செய்தியாளர்கள் அப்போதே வெளியிட்டார்கள். இந்த இரண்டையும் நாம் தராசில் இட்டுப் பார்க்க வேண்டும். 1952ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் ஆரஞ்சு பௌலில் ஆடியவை ஜார்ஜியா டெக், பெய்லர் என்ற இரு தென்னாட்டுக் கல்லூரிகளின் அணிகள். அவை இரண்டும் அன்று கறுப்பு மாணவரைச் சேர்த்துக்கொள்ளாத கல்லூரிகள். எதிரிகளின் வலிமை பற்றிய வாதம் எவ்வளவு நேர்மையாக எழுப்பப்பட்டிருந்தாலும், அணியிலிருந்து இரண்டு பேரைக் கழித்துவிட்டால் அது எப்படி மறைந்துவிடும்? சிறந்த இருவரைக் கழித்தால் அணி இன்னும் வலிமை குன்றியது ஆகுமே தவிர, அழைக்கத் தகுந்தது ஆகாது. கேட்ட நிபந்தனையே உண்மையான காரணத்தைக் காட்டிவிடுகிறது.

இப்படி மறுத்தவர்கள் இவர்கள் மட்டுமே என்றும் நான் சொல்லமாட்டேன். 1946ஆம் ஆண்டில் பென் ஸ்டேட் கல்லூரி அணி, தன் கறுப்பு ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு மயாமிக்கு வர மறுத்து, அந்த ஆட்டத்தையே கைவிட்டது. 1948இல் அதே அணி டல்லஸ் நகரின் காட்டன் பௌலில் கறுப்பு ஆட்டக்காரர்களுடனேயே ஆடியது. ஆகவே வாயில் முழுவதும் அடைபட்டிருக்கவில்லை; தள்ளினால் சிறிது திறக்கும் நிலையில் இருந்தது. தள்ளுகிறவர்களின் தோள்களில்தான் காயம் ஏற்பட்டது.

சான் பிரான்சிஸ்கோ அணிக்கு ஏற்பட்ட காயம் எது? பணம். அதன் கால்பந்துத் துறை கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய விழா ஆட்டத்தின் வருமானம் வந்திருந்தால் துறை இன்னும் சிறிது காலம் உயிர் வாழ்ந்திருக்கலாம். மறுத்தபோது அவர்கள் இழந்தது ஒரு பயணத்தையும் ஒரு கோப்பையையும் மட்டும் அல்ல. தங்களுக்குப் பின்னால் வரவேண்டிய தம்பிமாரின் களமும் அதனுடன் சேர்ந்திருந்தது. பருவம் முடிந்ததும் பல்கலைக்கழகம் முதல் வரிசைக் கால்பந்தைக் கைவிட்டது. இன்னும் ஓர் ஆண்டு ஆட வேண்டியிருந்த செயின்ட் கிளேர் தம் கடைசிப் பருவத்தை ஆடுவதற்கு டல்சா என்ற வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக நேர்ந்தது.

இங்கும் மிகைப்படுத்தலாகாது. அந்த ஒரு வருமானம் வந்திருந்தால் எல்லாம் நிலைத்திருக்கும் என்று அறுதியிட முடியாது. அதே வட்டாரத்தில் செயின்ட் மேரீஸ் கல்லூரி 1950ஆம் ஆண்டுப் பருவத்தோடு கால்பந்தை நிறுத்தியது. லயோலா 1951ஆம் ஆண்டோடும், சான்டா கிளாரா 1952ஆம் ஆண்டோடும் நிறுத்தின. சிறிய கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு அந்த ஆட்டத்தின் செலவு தாங்க முடியாததாகிவிட்டது. ஆனால் அந்த நவம்பரில் முடிவெடுத்த இளைஞர்களுக்கு இந்தப் பிற்கால அறிவு இல்லை. தங்கள் அணியைக் காக்கக்கூடிய பணம் ஒன்று எதிரே இருக்கிறது என்பதே அவர்கள் அறிந்தது. அந்த அறிவோடு மறுத்தார்கள் என்பதுதான் என் உள்ளத்தைத் தொடுகிறது.

நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு: அங்கே நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? மறுப்பதற்கு எதிராக எத்தனை நயமான வாதங்கள் இருந்தன! ‘இருவருக்காக முப்பது பேர் ஏன் இழக்க வேண்டும்?’ என்று கேட்டிருக்கலாம். ‘ஊர் வழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடியுமா?’ என்று கேட்டிருக்கலாம். ‘நாம் போய்ப் பணம் கொண்டுவந்தால் அவர்களுக்கும் நன்மைதானே!’ என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இவை கொடியவர்களின் வாதங்கள் அல்ல. நல்லவர்களே நாள்தோறும் தமக்குள் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. மாட்சனையும் டோலரையும் பார்த்து, ‘நீங்களே விலகிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லாமல் சொல்லிவிடுவது. பெருந்தன்மை என்ற சுமையை அவமதிக்கப்பட்டவன் தலையிலேயே ஏற்றிவிடும் வழி அது. அந்த அணி அதைச் செய்யவில்லை.

அந்த ஆற்றல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அவர்களை ஞானிகள் என்று நான் கருதவில்லை. தாங்கள் பெரிய செயல் ஒன்றும் செய்துவிடவில்லை என்பதே அவர்களுடைய பேச்சின் போக்காக இருந்தது. என் கருத்து இது: அந்த மறுப்பு நவம்பர் மாதத்தில் பிறந்ததன்று, கார்னிங் வெயிலில், அதற்கும் முந்திய இரண்டு பருவங்களில் பிறந்தது. மாட்சன் ஓடுவதற்காக மார்க்கெட்டியும் செயின்ட் கிளேரும் தம் உடலால் வழி திறந்திருந்தார்கள். அவர்கள் தளர்ந்த இடத்தில் டோலர் தாங்கி நின்றிருந்தார். இவ்வாறு நாள்தோறும் ஒருவர்க்கொருவர் தோள் கொடுத்தவர்களிடம் வந்து, ‘இந்த இருவரும் உங்களைச் சேர்ந்தவர் அல்லர்’ என்று ஒருவன் சொன்னால் அது அவர்கள் காதுக்குப் பொருளற்ற பேச்சாகவே பட்டிருக்கும். சோதனை நாளில் வெளிப்படும் அறம் சாதாரண நாட்களில் சேர்த்துவைத்த பழக்கமே என்று இந்த வரலாறு எனக்குக் கற்பிக்கிறது.

அதற்குப் பின் நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். அணியைச் சேர்ந்த 9 பேரைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுத்தன. மாட்சன் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். 1959இல் லாஸ் ஏஞ்சலிஸ் அணி அவர் ஒருவரைப் பெறுவதற்காக 9 பேரைக் கொடுத்தது. அந்தப் பேரத்தை முடித்தவர் அன்று அந்த அணியின் நிர்வாகியாயிருந்த பழைய செய்தி எழுத்தாளர் பீட் ரோசல். தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் மாட்சனும் மார்க்கெட்டியும் 1972இல் ஒன்றாகவே இடம்பெற்றார்கள்; செயின்ட் கிளேர் 1990இல் இடம்பெற்றார். ஒரு சிறு கல்லூரியின் ஒரே பருவத்து அணியிலிருந்து மூன்று பேர்! வலிமையற்ற அணி என்ற வாதத்துக்குக் காலம் கூறிய விடை இது.

டோலரின் வாழ்க்கை வேறு வழியில் சென்றது. 1952ஆம் ஆண்டுக் கோடையில் சிகாகோவில் நடந்த கல்லூரி நட்சத்திரங்களின் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் பழுதடைந்தது. தொழில்முறை ஆட்டக்காரராகும் கனவு அன்றே முடிந்தது. அவர் சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி ஆசிரியரானார். பின்னர்த் தலைமை ஆசிரியரும் ஆனார். 1965ஆம் ஆண்டில் தேசியக் கால்பந்துக் கழகம் அவரை நடுவராக நியமித்தது. அந்தக் கழகத்தின் முதல் கறுப்பு இன நடுவர் அவரே. அப்போது கழகத்தின் தலைமை ஆணையராக இருந்தவர் அதே பீட் ரோசல். 1980ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் உச்சியான சூப்பர் பௌல் ஆட்டத்தின் நடுவர் குழுவில் டோலர் நின்றார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் கறுப்பு இனத்தவரும் அவரே.

அந்த ஆட்டம் நடந்த இடம் எது தெரியுமா? பசடீனாவின் ரோஸ் பௌல் அரங்கு. 1951ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ அணி தன் கடைசி வெற்றியைப் பெற்ற அதே புல்தரை. அங்கே அன்று அழைப்புக்காகக் காத்திருந்த இளைஞர், 28 ஆண்டுகளுக்குப் பின், நாட்டின் மிகப் பெரிய ஆட்டத்தில் நீதி வழங்கும் இடத்தில் நின்றார்.

இதனால் பழைய அநீதி ஈடுசெய்யப்பட்டுவிட்டது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆடப்படாத ஆட்டம் ஆடப்படாததே. அந்த மறுப்பினால் மயாமியின் வாயிலோ நியூ ஆர்லியன்ஸின் வாயிலோ அடுத்த நாளே திறந்துவிடவும் இல்லை. தனித்தனிப் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. 1956ஆம் ஆண்டு ஜனவரியில் பிட்ஸ்பர்க் அணியின் பாபி கிரியர் சுகர் பௌலில் ஆடிய முதல் கறுப்பு இனத்தவரானார். ஜார்ஜியா மாநில ஆளுநரே அதை எதிர்த்தும் ஆட்டம் நடந்தது. அதே ஆண்டில் லூசியானா மாநிலம் இரு இனத்தவரும் சேர்ந்து விளையாடுவதையே தடுக்கச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் 1959இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. இத்தனை ஏற்ற இறக்கங்களுக்குப் பின்னரே வழி பிறந்தது. ஓர் அணியின் மறுப்பு அந்த நெடிய வழியில் ஒரு கல். கல் சிறியதுதான், ஆனால் உரிய இடத்தில் கிடக்கிறது.

பல்கலைக்கழகம் அந்த அணியினரில் உயிரோடிருந்தவர்களுக்கு 2006ஆம் ஆண்டில் கௌரவப் பட்டம் வழங்கியது. அப்போது அவர்கள் முதியவர்கள். டோலர் 2009இலும், மாட்சன் 2011இலும், செயின்ட் கிளேர் 2015இலும், மார்க்கெட்டி 2019இலும் மறைந்தார்கள். அந்த அணியை அமெரிக்கர் மூன்று அடைமொழிகளால் குறிப்பதுண்டு: தோல்வி காணாதது, சமநிலை காணாதது, அழைப்புப் பெறாதது. முதல் இரண்டும் ஆட்டத்தில் பெற்ற பெருமைகள். மூன்றாவதை மற்றவர்கள் குறையாகக் கொடுத்தார்கள். அணியினர் அதையும் பெருமையாக்கிக்கொண்டார்கள்.

மாணவ நண்பர்களே, நீங்களும் அணிகளில் ஆடுகிறீர்கள். விடுதிகளில் சேர்ந்து உண்கிறீர்கள். ஒரே வகுப்பில் அமர்கிறீர்கள். உங்களிடமும் ஒரு நாள் யாரேனும் வந்து, ‘எல்லோரும் வரலாம், இந்த ஒருவனைத் தவிர’ என்று சொல்லக்கூடும். அழைப்பு அழகாக இருக்கும். அதை ஏற்பதற்கு நியாயங்களும் ஏராளமாக இருக்கும். அன்று விடை தேடிப் புத்தகத்தைப் புரட்ட நேரம் இராது. உங்கள் பக்கத்தில் நின்று உங்களுக்காக மண்ணில் புரண்டவனின் முகம் நினைவுக்கு வந்தால் போதும்; விடை தானே வரும். சான் பிரான்சிஸ்கோவின் இளைஞர்களுக்கு அப்படித்தான் வந்தது. அதனால்தான் நான் அவர்களுடைய ரசிகன்.